கடையில் உள்ள இணையப் பெட்டிக்குப் பூட்டு உண்டா?



எடைக்கல்லுக்குத் தவறாமல் முத்திரை போடுகிறோம். கல்லாப்பெட்டிச் சாவியை இடுப்பை விட்டு அகற்றுவதில்லை. இரவு ஷட்டரை இறக்கிய பிறகும் இரண்டு பூட்டையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறோம். ஆனால் கடைச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில், பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருக்கும் ஒரு சிறு பெட்டியை மட்டும் நாம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. மோடம் என்றும் வைஃபை பெட்டி என்றும் நாம் சொல்லும் அதன் சரியான பெயர் ரவுட்டர். இன்று பில் போடும் கணினி, வரிக் கணக்குத் தாக்கல், வங்கிப் பணப் பரிமாற்றம், கண்காணிப்பு கேமரா ஆகிய அனைத்தும் இந்தப் பெட்டி வழியாகத்தான் போய் வருகின்றன. கடைக்கு மேல் மாடியிலேயே வீடு வைத்திருப்பவர்களுக்கு வீட்டுக்கும் கடைக்கும் ஒரே பெட்டிதான். அதன் அமைப்புகளையும், அவற்றைக் கவனிக்காவிட்டால் வரும் கேடுகளையும் நமக்குத் தெரிந்த அளவில் இங்கே பாடமாகத் தருகிறோம்.

நாம் பட்ட அனுபவம்

இதை எழுதத் தூண்டியது எங்கள் மண்டியில் நடந்த ஒரு நிகழ்ச்சி. சரக்கு இறக்க வரும் ஓட்டுநர்கள், கொள்முதலுக்கு வரும் சில்லறைக் கடைக்காரர்கள் என யார் கேட்டாலும் வைஃபை கடவுச்சொல்லைச் சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். தண்ணீர் கேட்டால் கொடுப்பதில்லையா, அதுபோலத்தான் இதையும் நினைத்தோம். கடவுச்சொல்லும் கடைப் பெயரும் தொலைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கமும்தான். இரண்டும் பெயர்ப்பலகையிலேயே பெரிய எழுத்தில் இருந்தன என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் காலை காவல்துறையினர் கடைக்கு வந்தார்கள். பழைய பொருள் விற்பதாக இணையத்தில் விளம்பரம் செய்து, பலரிடம் முன்பணம் வாங்கி ஏமாற்றிய ஒரு கணக்கு எங்கள் இணைப்பிலிருந்து இயங்கியிருக்கிறது என்றார்கள். கணக்குப்பிள்ளையும் எங்கள் வீட்டுப் பிள்ளையும் மூன்று நாள் நிலையத்துக்கு நடந்தார்கள். கடைசியில் பின்பக்கத்துக் கட்டடத்தின் மாடி அறையில் சில மாதம் வாடகைக்கு இருந்த ஒருவனே அதைச் செய்தான் என்று தெரிந்து, எங்கள் மேல் குற்றமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அந்த அளவில் அவர்கள் எங்களை மரியாதையாகவே நடத்தினார்கள்.

ஆனால் அந்த மூன்று நாளில் பஜாரில் பேச்சு பரவிவிட்டது. முப்பது ஆண்டுகளாக நமக்குக் கடனுக்குப் பருப்பு அனுப்பும் வெளியூர் மண்டிக்காரர் போன் செய்து, "என்ன அண்ணாச்சி, உங்க கடைக்குப் போலீஸ் வந்துச்சாமே?" என்று கேட்டார். கேட்டதோடு அந்த வாரத்து லோடையும் நிறுத்தி வைத்தார். அவர் மேல் வருத்தமில்லை. அவர் இடத்தில் இருந்தால் நாமும் அப்படித்தான் செய்திருப்போம். போன சரக்கு திரும்ப வந்துவிடும். போன நாணயத்தைத் திரும்பக் கொண்டுவருவது எவ்வளவு பாடு என்பதை வணிகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2008 ஜூலையில் அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தபோது அனுப்பப்பட்ட மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு குடியிருப்பில் வசித்த வெளிநாட்டவரின் வைஃபை இணைப்பு வழியாகப் போனது என்று கண்டறிந்து, அவரை விசாரித்தார்கள். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, அவர் வாசலுக்குத்தான் முதலில் வருவார்கள் என்பதே இதன் பாடம்.

பெட்டி என்ன வேலை செய்கிறது?

நம் கடைக்கு வெளியே ஒரே ஒரு கதவு எண் இருப்பதுபோல, இணையத்தில் நம் இணைப்புக்கு வெளிப்பக்கம் ஒரு எண் உண்டு. கடைக்குள் இருக்கும் கணினி, கைப்பேசி, கேமரா ஒவ்வொன்றுக்கும் ரவுட்டர் உள்ளெண் ஒன்று கொடுக்கிறது. பெரும்பாலும் அது 192.168 என்று தொடங்கும். உள்ளிருந்து யார் எதைக் கேட்டார்கள் என்று குறித்துவைத்துக்கொண்டு, வெளியிலிருந்து வரும் பதிலை உரியவரிடம் சேர்ப்பதே ரவுட்டரின் வேலை. உள்ளே யாரும் கேட்காமல் வெளியிலிருந்து தானாக வருவதை அது சாதாரணமாக உள்ளே விடாது. நல்ல வாயிற்காவலன் செய்யும் வேலைதான் இது. ஆனால் அந்தக் காவலனே விலைபோய்விட்டால் உள்ளே இருக்கும் எல்லாமே திறந்த வீடுதான்.

பூட்டு ஒன்றல்ல, இரண்டு

நம்மில் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். ரவுட்டருக்கு இரண்டு கடவுச்சொற்கள் உண்டு. முதலாவது, வைஃபையில் சேர்வதற்கானது. இதை எல்லோரும் அறிவோம். இரண்டாவது, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைவதற்கானது. கணினியில் 192.168.1.1 என்றோ, 192.168.0.1 என்றோ, பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் உள்ள முகவரியையோ தட்டினால் அந்தப் பக்கம் வரும். முதலாவது கடை வாசல் சாவி என்றால், இரண்டாவது கல்லாப்பெட்டிச் சாவி.

தொழிற்சாலையிலிருந்து வரும்போது பல பெட்டிகளில் இந்த இரண்டாவது கடவுச்சொல் அட்மின் என்றே இருந்தது. பொருத்த வருகிறவர் அதை மாற்றாமலே போய்விடுவார். ஒரே மாதிரிப் பெட்டி லட்சக்கணக்கில் விற்றால், அத்தனைக்கும் ஒரே சாவி என்றாகிறது.

2016-ல் மிராய் என்ற தீய நிரல் இதைத்தான் பயன்படுத்திக்கொண்டது. தொழிற்சாலைக் கடவுச்சொற்களில் அறுபது சொச்சத்தை மட்டும் பட்டியலாக வைத்துக்கொண்டு, உலகெங்கும் உள்ள கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் ரவுட்டர்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. திறந்தவற்றை எல்லாம் அடிமையாக்கிக்கொண்டது. அந்தப் படையைக் கொண்டு 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் டைன் என்ற நிறுவனத்தின் மேல் தாக்குதல் நடத்தினார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே பல மணி நேரம் பலருக்குக் கிடைக்காமல் போயின. பெட்டிகளின் சொந்தக்காரர்களோ தம் பெட்டி அடுத்தவனுக்கு ஏவல் செய்கிறது என்று அறியவே இல்லை. 2017 ஜூலையில் நம் நாட்டிலேயே, கர்நாடகத்தில், பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடம்கள் ஆயிரக்கணக்கில் இதுபோன்ற ஒரு தீய நிரலால் முடங்கின. மாற்றப்படாத தொழிற்சாலைக் கடவுச்சொல்தான் அதற்கும் வழிவிட்டது.

தவறான மண்டிக்கு வழிகாட்டும் சூழ்ச்சி

உள்ளே நுழைந்தவன் என்ன செய்வான்? பெட்டியைக் கெடுப்பவன் குறைவு. சத்தமில்லாமல் ஒரே ஒரு எண்ணை மாற்றிவிட்டுப் போகிறவன்தான் அதிகம் ஆபத்தானவன். அந்த எண்ணுக்கு டி.என்.எஸ். என்று பெயர்.

இதைச் சந்தை வழக்கில் சொல்வோம். வெளியூர்ப் பையன் ஒருவனிடம் பணம் கொடுத்து, இன்னார் மண்டியில் கட்டிவிட்டு வா என்று அனுப்புகிறோம். அவனுக்குப் பெயர் தெரியும், இடம் தெரியாது. தெருமுனையில் வழி கேட்கிறான். அங்கே நிற்பவன் நேர்மையானவன் என்றால் சரியான மண்டிக்குப் போவான். மோசக்காரன் என்றால், அதே பெயர்ப்பலகை மாட்டிய போலி மண்டிக்குப் போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு வருவான். நாம் வங்கியின் பெயரைத் தட்டும்போது, அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைச் சொல்லும் வழிகாட்டிதான் டி.என்.எஸ். ரவுட்டரில் அந்த வழிகாட்டியை மாற்றிவிட்டால், பெயரைச் சரியாகத் தட்டினாலும் போலித் தளத்துக்குப் போய்ச் சேருவோம்.

பிரேசில் நாட்டில் 2011-ல் தொடங்கி 2012 வரை இது மிகப் பெரிய அளவில் நடந்தது. சுமார் 45 லட்சம் மோடம்களில் இந்த எண்ணை மாற்றி, மக்களைப் போலி வங்கித் தளங்களுக்குத் திருப்பினார்கள். கணினியில் எந்தக் குறையும் இருக்காது. நோய் பெட்டியில் இருந்தது. கணினியை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் பயனில்லை.

இதற்கு ஒரு காப்பு உண்டு. வங்கித் தளத்தைத் திறக்கும்போது, இத்தளத்தின் சான்றிதழ் சரியில்லை, இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று உலாவி எச்சரித்தால், அவசரத்தில் அதைத் தாண்டி உள்ளே போகக்கூடாது. மாத இறுதியில், வரி கட்டும் கடைசி நாளில்தான் நாம் இப்படித் தாண்டுவோம் என்பது ஏமாற்றுபவனுக்கும் தெரியும். அப்போது உடனே பெட்டியை விட்டு விலகி, கைப்பேசியின் சொந்த இணைப்பில் பார்க்க வேண்டும்.

பூட்டின் தரம்

வைஃபையில் செய்தி காற்றில் போவதால் அதைக் குறியாக்கி அனுப்புகிறார்கள். இதில் பழைய முறையான டபிள்யு.இ.பி. 2001-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. 2004-ல் வந்த டபிள்யு.பி.ஏ.2, 2018-ல் வந்த டபிள்யு.பி.ஏ.3 ஆகிய இரண்டில் ஒன்றே இன்று வைத்திருக்கத் தக்கது. பழைய பிரிண்டர், பழைய கைப்பேசி புதிய முறையில் சேராவிட்டால், இரண்டும் கலந்த அமைப்பைத் தேர்ந்தெடுக்கலாம்.

அடுத்து, டபிள்யு.பி.எஸ். என்ற வசதி. எட்டு இலக்க எண்ணைத் தட்டினால் கடவுச்சொல் இல்லாமலே வைஃபையில் சேரலாம். எட்டு இலக்கம் என்றால் 10 கோடி வகை ஆயிற்றே, யாரால் கண்டுபிடிக்க முடியும் என்று தோன்றும். ஆனால் முதல் நான்கு இலக்கம் சரியா என்பதைப் பெட்டி தனியாகச் சொல்லிவிடுகிறது. அதற்கு 10,000 வகைதான். மீதி நான்கில் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது. எனவே மூன்று இலக்கம், 1,000 வகை. பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டினால் போதும் என்றாகி, மொத்தம் 11,000 முயற்சியில் பூட்டு திறந்துவிடும். 2011 டிசம்பரில் இந்தக் குறை வெளியானது. இந்த வசதியை நிறுத்திவிடுவதே நல்லது.

வைஃபையின் பெயரை மறைத்து வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் கடை இருப்பது தெரியாது என்பது போன்றது அது. தெரிந்தவன் எளிதில் கண்டுபிடித்துவிடுவான்.

கேமராவுக்காகத் திறந்த பின்வாசல்

கடையில் கேமரா பொருத்துபவர், வீட்டிலிருந்தே கைப்பேசியில் கடையைப் பார்க்க வேண்டும் என்று நாம் கேட்டவுடன், ரவுட்டரில் ஒரு வழியைத் திறந்துவிட்டுப் போவது உண்டு. இதற்குப் போர்ட் ஃபார்வேர்டிங் என்று பெயர். வெளியிலிருந்து வருவதை நேரே கேமராப் பெட்டியிடம் அனுப்பு என்று காவலனுக்குச் சொல்வது இது. நாம் பார்க்க முடிந்தால், கேமராவின் கடவுச்சொல் எளிதாக இருக்கும்பட்சத்தில், ஊரில் யாரும் பார்க்கலாம். கல்லா எப்போது நிறைகிறது, கிட்டங்கியில் என்ன சரக்கு இருக்கிறது, கடையில் எப்போது ஆள் இல்லை என்பதெல்லாம் தெரிந்துவிடும். திருட்டைத் தடுக்க வைத்த கண், திருடனுக்கே கண்ணாகிவிடும்.

இதேபோல் யு.பி.என்.பி. என்ற அமைப்பு, உள்ளே இருக்கும் கருவி தானாகவே வெளிவழியைத் திறந்துகொள்ள இடம் கொடுக்கிறது. வெளியிலிருந்து ரவுட்டர் அமைப்பையே மாற்ற உதவும் தொலைநிர்வாக வசதியும் உண்டு. 2016 நவம்பர் இறுதியில் ஜெர்மனியில் டாய்ச்சு டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேரின் இணைப்பு பாதிக்கப்பட்டது. ரவுட்டர்களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் வழியைக் குறிவைத்து மிராயின் மறுவடிவம் ஒன்று நடத்திய தாக்குதல் அது. தேவையில்லாத கதவு மூடியே இருக்க வேண்டும் என்பது பழைய விதிதான்.

விருந்தினருக்குத் தனி வாசல்

இத்தனையும் படித்துவிட்டு, இனி யாருக்கும் வைஃபை கொடுக்கக்கூடாதா என்று கேட்கலாம். கொடுக்கலாம். இன்றைய பெட்டிகள் பலவற்றில் விருந்தினர் வைஃபை என்று தனியாக ஒன்று உண்டு. அதில் சேர்ந்தவர் இணையத்தைப் பார்க்கலாம். நம் பில் கணினியையோ பேரேட்டையோ பார்க்க முடியாது. கடைக்கு வெளியே திண்ணை போட்டு வைப்பது போல இது. உள்ளறைக்கு அழைக்காமலே உபசரிக்கலாம். அதன் கடவுச்சொல்லையும் மாதம் ஒருமுறை மாற்றிவிட வேண்டும். ஒன்றை மறக்கக்கூடாது: விருந்தினர் வாசலில் நடப்பதும் நம் பெயரில்தான் பதிவாகும். ஆகவே அறிந்தவருக்கு மட்டும் கொடுப்பதே முறை.

கேமராப் பெட்டியையும் இதுபோன்ற தனி வாசலில் சேர்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

பழைய பெட்டி

ரவுட்டருக்குள்ளும் ஒரு நிரல் இருக்கிறது. அதில் ஓட்டை தெரியவந்தால் தயாரிப்பாளர் புதிய நிரல் வெளியிடுவார். பெட்டி பழையதாகிவிட்டால் அதையும் நிறுத்திவிடுவார். 2018 மே மாதம் வி.பி.என். ஃபில்டர் என்ற தீய நிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளில் புகுந்திருப்பதாகத் தெரியவந்தது. அவற்றில் பெரும்பாலானவை வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த ரவுட்டர்கள். விளக்கு எரிகிறது, இணையம் வருகிறது என்பதற்காக ஒரு பெட்டியைப் பத்து, பன்னிரண்டு ஆண்டு வைத்திருப்பது சிக்கனமாகாது. பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போடுமுன் ரீசெட் செய்து உள்ளே உள்ள விவரங்களை அழித்துவிடவும் வேண்டும்.

செய்ய வேண்டியவை

கடை மூடிய பிறகு, விவரம் தெரிந்த நம் வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் செய்யலாம். அரை மணி நேர வேலைதான்.

1. இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் முதலில் எழுதி வைத்துக்கொள்ளவும். பெட்டியின் பின்னால் உள்ள ரீசெட் துளையை விளையாட்டாக அழுத்தக்கூடாது. அது எல்லா அமைப்பையும் அழித்துவிடும். மறுநாள் பில் போட முடியாது. மின்சாரத்தை நிறுத்திப் போடுவது வேறு, ரீசெட் வேறு.

2. அமைப்புப் பக்கத்துக்குள் போய், நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றவும். பெட்டி நிறுவனத்துக்குச் சொந்தமானது, நம்மால் நுழைய முடியவில்லை என்றால், அவர்களையே அழைத்து மாற்றித் தரச் சொல்லவும்.

3. புதிய நிரல் வந்திருந்தால் அதை ஏற்றவும். ஏற்றும்போது மின்சாரம் போகாதபடி பார்த்துக்கொள்ளவும்.

4. வைஃபை கடவுச்சொல்லை மாற்றவும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து நீளமாக வைப்பது நல்லது. கடைப் பெயர், தொலைபேசி எண், வண்டி எண், பேரப்பிள்ளை பெயர் வேண்டாம். மாற்றியதும் பில் கணினி, பிரிண்டர், கேமரா எல்லாவற்றையும் மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும். வேலை நேரத்தில் செய்ய வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுதான்.

5. குறியாக்கம் டபிள்யு.பி.ஏ.2 அல்லது 3 என்று இருக்கிறதா எனப் பார்க்கவும்.

6. டபிள்யு.பி.எஸ்., யு.பி.என்.பி., தொலைநிர்வாகம் ஆகிய மூன்றையும் நிறுத்தவும். போர்ட் ஃபார்வேர்டிங் பட்டியலில் என்ன இருக்கிறது என்று கேமரா பொருத்தியவரிடம் காரணம் கேட்டு, தேவையற்றதை நீக்கவும். கேமராவின் கடவுச்சொல்லையும் மாற்றவும்.

7. டி.என்.எஸ். எண்ணைப் பார்க்கவும். தானியங்கி என்று இருந்தால் நிறுவனம் தருவது. அறியாத எண் யாரோ எழுதியதுபோல் இருந்தால், அது யாருடையது என்று நிறுவனத்திடம் கேட்டுத் தெளியவும்.

8. இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பார்க்கவும். நம் கடையில் ஆறு கருவி இருக்க, பட்டியலில் பதினொன்று இருந்தால் மீதி ஐந்து யாருடையது? இருப்புச் சரிபார்ப்பு போலவே மாதம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும்.

9. கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதிப் பூட்டிய பெட்டியில் வைக்கவும். சுவரில் ஒட்டக்கூடாது. வேலையாள் ஒருவர் விலகிப் போனால், அன்றே மாற்றிவிடவும். அவர் மேல் சந்தேகம் என்பதற்காக அல்ல. நாளை ஏதேனும் நடந்தால் அவர் மேல் வீண்பழி விழாமல் இருப்பதற்காகவும்தான்.

ஏமாந்துவிட்டால்

இத்தனைக்குப் பிறகும் பணம் போய்விட்டது என்று தெரிந்தால், வெட்கப்பட்டு மூடி வைக்கக்கூடாது. உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். வங்கிக்கும் சொல்ல வேண்டும். பணம் கை மாறி மாறிப் போகுமுன் நிறுத்தி வைக்க முடிவது முதல் சில மணி நேரத்தில்தான். மறுநாள் காலை பார்த்துக்கொள்ளலாம் என்றால் காலம் கடந்துவிடும்.

எங்கள் மண்டியில் இப்போது லாரி ஓட்டுநர்களுக்கு விருந்தினர் வைஃபை தனியாக இருக்கிறது. அந்தப் பருப்பு மண்டிக்காரரும் பழையபடி லோடு அனுப்புகிறார். ஆனால் அந்த நிலைக்குத் திரும்ப எங்களுக்கு நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் ரொக்கத்துக்கே கொள்முதல் செய்தோம். அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தால் அது நேர்ந்திராது. அந்த அரை மணி நேரத்தை இந்த வாரமே ஒதுக்குமாறு வணிகப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

வாழ்க வணிகம்! வளர்க வணிகர் ஒற்றுமை!